முகமில்லாத சாமி

அம்முவுக்கு,

அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். கல்பாத்தியில் மழை விட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டி வலி தேவலை.

நீ மாட்டியிருக்கும் ஓவியர் ரசாவின் ‘பிந்து’ படத்தை போட்டோவில் பார்த்தேன். பிந்து என்றால் புள்ளி. நடுவில் கறுப்பு வட்டம், வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள், கழற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கழற்றாதே.

சையது ஹைதர் ரசா 1922-ல் மத்தியப் பிரதேசத்து மண்ட்லா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். மனசு ஓரிடத்தில் நிற்காத பையன் என்று வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார் என்று உட்கார வைத்தாராம். 1950-ல் பிரான்சுக்குப் போய் எத்தனையோ வரைந்து பேர் வாங்கிவிட்டார். 1980 வாக்கில்தான் அந்தப் புள்ளி அவர் படங்களின் நடுவுக்கு வந்தது. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அதற்கப்புறம் பிந்து, குண்டலினி, பஞ்சபூதம் என்று கடைசி வரை வரைந்தார். கறுப்புதான் அவருக்குத் தாய் நிறம், மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பவை. மேல் பார்த்த முக்கோணம் புருஷன் என்கிற ஆண் தத்துவம், கீழ் பார்த்தது பிரகிருதி என்கிற பெண் தத்துவம். 2016-ல் காலமானபோது மண்ட்லாவில் அவருடைய அப்பா பக்கத்திலேயே அடக்கம் பண்ணினார்கள்.

உனக்கு இது புதுசா என்ன? ஆடி மாசம் நம்மாத்தில் பகவதி சேவைக்குப் பத்மக் கோலம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. அரிசிமாவு, மஞ்சள்பொடி, உமிக்கரி, பச்சிலைப்பொடி, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு. விரலிடுக்கு வழியாகப் பொடி இழை இழையாக இறங்கும். அதில் கண் உண்டா, மூக்கு உண்டா? கட்டமும் இதழும்தான். நடுவில் நிலவிளக்கை ஏற்றி அம்பாளை ஆவாஹனம் பண்ணினதும் பாட்டி விழுந்து நமஸ்காரம் பண்ணுவாள். யாரும் அவளுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கறுப்பு உமிக்கரியை ஆகாது என்று எடுத்துவிட்டால் மஞ்சளும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும்.

இங்கே கோயிலில் நடை திறந்தால் முதலில் தெரிவதே இருட்டுதான். எண்ணெய் விளக்கு மட்டும். கொஞ்சம் நின்றால் சுடர் தெரியும், அப்புறம் சந்தனக்காப்பு, அப்புறம்தான் முகம். அவசரப்பட்டவனுக்குக் கறுப்பு மட்டும்தான் கிடைக்கும்.

பூஜை அலமாரியில் வைக்க வேண்டாம், அது பூஜைக்கு வரைந்ததில்லை. ஹாலில், தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில் மாட்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். ஆகாது என்றவர் அடுத்த முறை வந்தால் காப்பியைக் கொடுத்து அதன் முன்னால் உட்கார வை.

அம்மா