ஈரோட்டுச் சிநேகிதிக்கு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்த பிறகுதான் மனசு நிதானப்பட்டது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போகாதே, மருமகள் பார்த்துக்கொள்வாள். பேத்திக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாங்கள் சௌக்கியம். இங்கே அமெரிக்காவில், எங்கள் போர்ட்லாண்டில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இனி மாதக்கணக்கில் நசநசவென்றுதான் இருக்கும்.

"பேப்பரையும் டிவியையும் விட்டுவிட்டேன். காஸாக் குழந்தைகளைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. பார்த்து நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரமாயிற்று. 1971 டிசம்பரில் வங்காள தேச யுத்தம் நடந்தபோது காலை ஏழேகால் மணி ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு, அட்லஸை விரித்து ஜெஸ்ஸோர் எங்கே, குல்னா எங்கே என்று விரல் வைத்துக் காட்டியவள் நீ. எனக்கு உலகப் படத்தைப் பார்க்கப் பழக்கியதே நீதான். அந்தக் கை இப்போது பேப்பரைத் தள்ளி வைக்கிறது என்றால் எனக்கு வருத்தமாக இருக்காதா?

தூக்கம் கெடுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் படங்கள் அப்படி. ஆனால் டிவி நம்மை எதிலும் நிற்க விடுவதில்லை என்பதையும் யோசித்துப் பார். ஒரு யுத்தம், ஒரு தேர்தல், ஒரு பூகம்பம், நடுவில் நகைக்கடை விளம்பரம், மறுபடி யுத்தம். ஏன் நடக்கிறது, எப்போது தொடங்கியது, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒன்றும் பிடிபடாது. பிடிபடாத விஷயம்தான் மனசைப் போட்டு அரிக்கிறது. இங்கே வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். நூலகத்தில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு அது மாறியது. உனக்கு அதைப்பற்றி விவரமாக எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன்.

அதற்குப் பெயர் கிரேட் டெசிஷன்ஸ். நியூயார்க்கில் உள்ள ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்ற சங்கம் நடத்துவது. முதல் உலக யுத்தம் முடிந்த 1918-ல், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் முன்வைத்த லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேச சங்கத்தை ஆதரித்தவர்கள் கூடித் தொடங்கியது இது. வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் பெரும்பாலும் எட்டு விஷயங்கள், எட்டே எட்டுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை, வரைபடங்கள், கடைசியில் கேள்விகள். அமெரிக்காவில் எத்தனையோ ஊர்களில் நூலகத்திலும் சர்ச்சிலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலும் கூடி, ஒரு தடவைக்கு ஒரு விஷயம் என்று பேசி முடிப்பார்கள். வீட்டில் படித்துவிட்டு வரவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பெரிய பேச்சாளர் யாரும் வருவதில்லை. வருகிறவர்களே பேசுகிறவர்கள்.

இது தொடங்கியதே போர்ட்லாண்டில்தான் என்று அறிந்தபோது எனக்கு இந்த ஊர்மேல் தனி மரியாதை வந்தது. 1954-ல் ரோஜர் மாஸ்ட்ரூட் என்பவர் அந்தச் சங்கத்துக்காக இங்கே வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிப் பேசட்டும் என்று அவர் சிறிய அளவில் ஆரம்பித்து வைத்தார். முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, செஞ்சீனாவோடு அமெரிக்கா உறவு வைத்துக்கொள்ளலாமா என்பது. காலத்தை நினைத்துப் பார். கொரியாவில் அமெரிக்கச் சிப்பாய்களும் சீனச் சிப்பாய்களும் சண்டையிட்டு ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. செனட்டர் மெக்கார்த்தி கண்ணில் பட்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது அந்த வருஷம் டிசம்பரில்தான். அப்படிப்பட்ட நேரத்தில் சாதாரண ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள். நிக்சன் பீகிங் போனது 1972-ல், தூதரக உறவு ஏற்பட்டது 1979-ல். இவர்கள் பேசியதால்தான் அவர் போனார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கக் கூடாத கேள்வி என்று ஊரே பயந்த காலத்தில் அதைக் கேட்டுப் பழகியவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் குழுவில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். 2020 புத்தகத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு பாடம். காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்த சமயம். அறையில் இந்தியர் நான் ஒருத்தி. எதிரே கராச்சியில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற டாக்டர். எல்லோரும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காஷ்மீரைப் பற்றி அவரும் நானும் அன்றைக்கு ஒத்துப்போகவில்லை, இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. பேச்சு சிந்து நதிக்கு வந்ததும் கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

சிந்து நதி ஒப்பந்தம் 1960 செப்டம்பரில் நேருவும் அயூப் கானும் கையெழுத்துப் போட்டது, அதுவும் கராச்சியில். நடுவில் இருந்து பேசி முடித்தது உலக வங்கி. ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. 1965, 1971, கார்கில் என்று மூன்று யுத்தங்களையும் தாண்டி அந்த ஒப்பந்தம் நின்றது. நாங்கள் புத்தகத்தில் இருந்ததைப் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மா சொன்னார்: "எங்கள் சிந்து மாகாணத்தில் ஜனங்கள் தண்ணீருக்காக முதலில் கோபப்படுவது இந்தியாமேல் இல்லை. மேலே இருக்கும் எங்கள் பஞ்சாப்மேல்தான். கடைசியில் இருக்கிறவர்கள் நாங்கள். ஆறு கடலுக்குப் போகாததால் கடல் எங்கள் வயலுக்குள் வந்துவிட்டது." எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. நாம் பேசுகிற பேச்சல்லவா அது! நான் காவேரியைச் சொன்னேன். மைசூரும் சென்னையும் 1924-ல் போட்ட ஒப்பந்தம், 1990-ல் வந்த நடுவர் மன்றம், 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று தீர்த்தது, கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது தஞ்சாவூர்க்காரர் படும் பாடு எல்லாவற்றையும் சொன்னேன். கருங்கல்பாளையத்தில் காவேரிப் படித்துறையில் நின்றவளுக்கு இதைச் சொல்லக் குறிப்பு எதற்கு?

அதற்குப் பிறகு, எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பெரியவர் வாய் திறந்தார். 1948-ல் கொலம்பியா ஆறு கரை உடைத்துக்கொண்டு போர்ட்லாண்டை ஒட்டியிருந்த வான்போர்ட் என்ற ஊரையே ஒரே நாளில் அடித்துக்கொண்டு போனதாம். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். அப்போது அவர் சின்னப் பையன். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் கனடாவோடு பேச்சு வேகம் பிடித்தது, 1961-ல் கொலம்பியா நதி ஒப்பந்தம் வந்தது. கனடா தன் மண்ணில் அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அமெரிக்கா பணம் கொடுக்க வேண்டும், கீழே கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தின் பயனில் பாதியையும் தரவேண்டும். தண்ணீரை வெட்டிப் பங்கு போடாமல் அதன் பலனைப் பங்கு போட்ட ஏற்பாடு. சிந்துவில் ஆற்றையே பிரித்துக் கொடுத்தார்கள், கொலம்பியாவில் லாபத்தைப் பிரித்தார்கள், காவேரியில் இன்னும் டிஎம்சி எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்று ஆறும் ஒரே மேஜைக்கு வந்த அந்தச் சாயங்காலம் நான் கற்றது, பேப்பர் படித்த இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காதது. நூலகத்தைப் பூட்டும் நேரம் வந்தும் யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. அடுத்த மாதமே கொரோனா வந்து எல்லாம் ஜூமுக்குப் போய்விட்டது.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு அடுத்த நாள் இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தபோது, நான் முதலில் போன் செய்தது அந்த டாக்டர் அம்மாவுக்குத்தான். செத்துப்போனவர்களுக்காக அவரும் அழுதார். அவருடைய சொந்தக்காரர்களின் வயலை நினைத்து எனக்கும் கவலையாக இருந்தது. டிவியில் அன்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கத்தத் தோன்றவில்லை.

இன்னொன்று. 2023-ல் உலகப் பஞ்சம் ஒரு பாடமாக இருந்தது. கருங்கடல் வழியாக உக்ரைன் கோதுமை வெளியே வர ஐ.நா.வும் துருக்கியும் செய்த ஏற்பாட்டைப் பற்றி அப்போது பேசியிருந்தோம். ஜூலை 17 அன்று ரஷ்யா அதிலிருந்து விலகியது, 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இங்கே இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கும் பொன்னிக்கும் ஒரே தள்ளுமுள்ளு. ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டினார்கள். என் மகனும் வரிசையில் நின்றான். உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நம் நாட்டிலிருந்து போகிறது. நமக்கு ஒரு மூட்டை குறைந்தால் சப்பாத்தி தின்போம். பெனினிலும் செனகலிலும் அந்த அரிசியை நம்பி உலை வைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளூரில் விலை ஏறக்கூடாது என்று அரசாங்கம் நினைத்ததிலும் தப்பில்லை. நல்ல விலை வரும் நேரத்தில் கதவை மூடினால் கோபிப் பக்கத்து நெல் விவசாயிக்கு நஷ்டம் என்பதும் நிஜம். இந்த மூன்று பேரையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்து யோசிக்க எனக்கு அந்தக் கூட்டங்கள்தான் பழக்கிக் கொடுத்தன.

பாடம் முடிந்ததும் ஒரு கருத்துச் சீட்டு உண்டு. இன்ன விஷயத்தில் நாடு என்ன செய்யவேண்டும் என்று நாலைந்து வழி கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் தொகுத்து அமெரிக்க வெளியுறவுத் துறைக்கும், காங்கிரஸ் என்கிற இந்த நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறார்கள். அவர்கள் எவ்வளவு படிப்பார்களோ! எனக்கு இந்த நாட்டில் ஓட்டுக்கூடக் கிடையாது. ஆனாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு இதுவா அதுவா என்று உட்காரும்போது, வெறுமனே வருத்தப்பட்டுவிட்டு நகர முடிவதில்லை. எது சரி என்று நான் நினைக்கிறேன், அதற்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்று நானே சொல்லியாக வேண்டும். "நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டாய் அல்லவா, முதலில் செய்யக்கூடியது இது என்று எனக்குத் தோன்றுகிறது. காஸாவின் துயரம் இதனால் குறையாது. ஆனால் 1948-ல் இஸ்ரேல் உருவானது, 1967 யுத்தம், ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் என்று வரிசையாகத் தெரிந்துகொண்டு பார்க்கிறவள் அந்தக் குழந்தைகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள்.

உன் ஊருக்கு இது புதிது இல்லை. 1921-ல் பாரதியார் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்து "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசியது நம் கருங்கல்பாளையம் வாசகசாலை விழாவில்தானே? ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினவர் அவர். ஆகஸ்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவில் சாயங்காலப் பேச்சைக் கேட்க எவ்வளவு கூட்டம் வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நம் ஜனங்கள் மாதிரிப் பொறுமையாகக் கேட்கிறவர்களை நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் பேச்சு முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். கேட்டவர்கள் மறுநாள் கூடி, அவர் சொன்னது சரியா என்று பேச ஓர் இடம் வேண்டும். அதை நீ செய்ய வேண்டும். வேறு யாரையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கிளை நூலகத்தில் ஒரு மேஜை போதும். உன்னோடு வேலை பார்த்த டீச்சர்கள், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதும் உன் தம்பி, பேத்தியின் சிநேகிதிகள் என்று பத்துப் பேர் வந்தால் நிறைய. அமெரிக்கப் புத்தகம் வேண்டாம், அது அமெரிக்காவின் கவலைகளை வைத்து எழுதியது. நீங்களே எட்டு விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது திருப்பூர், கரூர் தறிகளை என்ன செய்தது என்று ஒன்று. செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பலைத் தாக்க ஆரம்பித்ததும் நம் பனியன் மூட்டைகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போனது ஒன்று. பாக் நீரிணை மீனவர் பிரச்சினை, அதில் யாழ்ப்பாணத்து மீனவர் தரப்பையும் சேர்த்து. காஸா கட்டாயம் இருக்கட்டும். கண் முழுசாகத் தெளியும்வரை படிக்கச் சிரமம் என்றால் காதால் கேள். லண்டனில் கிரெஷாம் கல்லூரி 1597-லிருந்து பொதுஜனங்களுக்கு இலவசமாகச் சொற்பொழிவு நடத்துகிறது, இப்போது யூடியூபிலேயே கிடைக்கிறது. பேத்தி போட்டுக் கொடுப்பாள்.

ஜனவரியில் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வை. எனக்கு இங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி, வாட்ஸ்அப்பில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன். சிந்து நதியை எடுத்தீர்களானால் முன்னாலேயே சொல், அந்த டாக்டர் அம்மாவையும் கூட்டி வருகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டில் நாலைத்தான் நான் சொன்னேன், மீதி நாலு என்னவென்று பதில் கடிதத்தில் எழுது. சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி