மகிழினிக்கு, புரோஜெஸ்டிரோன் பற்றி

அன்புள்ள மகிழினிக்கு,

தலையில் அடிபட்டு வந்த பையனின் அப்பா, புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனை ஊசியாகப் போடச் சொல்லிக் கேட்டதாக எழுதியிருந்தாய். போடாதே. ஏன் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்.

அவர் நம்பிக்கை வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. மூளையில் அடிபட்ட எலிகளில் பெண் எலிகள் நன்றாகத் தேறுவதை எமோரி பல்கலைக்கழகத்து டொனால்டு ஸ்டெய்ன் கவனித்தார். அந்த ஹார்மோன் மூளை வீக்கத்தைக் குறைப்பதும் எலிகளில் தெரிந்தது. 2007இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் 30 நாளுக்குள் இறந்தோர், மருந்து பெற்ற 77 பேரில் 13 சதவீதம். பெறாத 23 பேரில் 30 சதவீதம். அந்த 23ஐக் கவனி. ஏழே உயிர்களை வைத்து எழுந்த நம்பிக்கை அது. 2014இல் 882 பேரிடமும் 1,195 பேரிடமும் நடந்த பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தப் பலனும் இல்லை.

இன்னொரு சிக்கல், புரோஜெஸ்டிரோன் தண்ணீரில் கரையாது. பால் போன்ற கொழுப்புக் குழம்பில் கலந்து நான்கைந்து நாள் விடாமல் டிரிப்பில் ஏற்றினார்கள். 882 பேர் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கு ரத்தக்குழாய் அழன்றது. மற்றவர்களில் 6 சதவீதம்தான். ஊசி ஏறிய கை சிவந்து, குழாய் கயிறு போல இறுகி, தொட்டாலே வலிக்கும்.

அதனால்தான் எமோரியில் மூலக்கூறையே மாற்றினார்கள். 20ஆம் கார்பனில் ஆக்சைம் என்ற வேதித் தொகுதியைச் சேர்த்து, தண்ணீரில் கரையும் பாஸ்பேட் வடிவமாக்கினார்கள். அந்தப் புது மருந்தின் பெயர் ஈஐடிடி-1723. தசையில் போடலாம் என்பதால் ஆம்புலன்சிலேயே தொடங்க முடியும் என்பது கணக்கு. நல்ல வேதியியல்தான். ஆனால் வீக்கம் குறைந்ததாகக் காட்டியது எலிகளில். எலியை நம்பி ஒருமுறை ஏமாந்த துறை இது.

ஸ்டீராய்டையும் வீக்கத்துக்கென்று தொடாதே. 10,008 பேரிடம் நடந்த கிராஷ் என்ற சோதனையில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9.

பையனுக்கு இப்போது வேண்டியது வேறு. ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே ஒரு நிமிடம்கூடப் போகவிடாதே. 15 வயதைத் தாண்டியவன் என்றால் மேல் பிரஷர் 110க்குக் குறையக் கூடாது. அடுத்த நாட்களில் சோடியம் இறங்கி, திரவம் கொடுத்தும் பிரஷர் நிற்காவிட்டால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகி. அதன் தூண்டலால் உடம்பு சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலின் அளவு பார்க்க உடனே ரத்தம் எடு. நிலை மோசமாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் கொடு. அது மூளையைக் காக்கும் மருந்தாக அல்ல, உடம்பு சுரக்காமல் விட்ட கார்டிசோலை ஈடுகட்ட.

அன்புடன்,
அம்மா