எட்டு நிலை என்று எழுத முதல்

யாழ்ப்பாணம்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின வரைபடம் கிடைத்தது. மூளையின் இரத்தவோட்டத்தைப் படம்பிடிக்கிற fMRI ஸ்கேனருக்குள் ஆறு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்த ஆட்களின் மூளை எட்டு நிலைகளுக்கிடையே, அதாவது எந்தப் பகுதி எதோடு ஒன்றாய் ஏறி இறங்குது என்ற எட்டுக் கோலங்களுக்கிடையே, மாறி மாறிப் போகுது என்று போட்டிருக்கிறாய். வடிவாத்தான் இருக்கு. ஆனால் அந்த எட்டில் மூளையுடையது எத்தனை, உன்ர கணக்குமுறை பெத்தது எத்தனை?

ஓய்விலும் மூளை வேலை செய்யுது என்பதில் சண்டையில்லை. 1995இலேயே பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர், விரல் அசைக்காமல் படுத்திருக்கிறவரின் இரண்டு பக்க இயக்கப் புறணியும் (உடம்பை அசைக்கிற மூளைப் பகுதி) 0.1 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றாய் ஏறி இறங்குவதைக் காட்டிவிட்டார். அதைத் திரும்ப நிறுவ நீ பாடுபடத் தேவையில்லை.

பிரச்சினை உன்ர சாளரத்தில், அதாவது ஒவ்வொரு முறையும் இணைபைக் கணக்கிட நீ வெட்டியெடுக்கிற நேரத் துண்டில். 2 செக்கனுக்கு ஒரு படம், 30 செக்கன் சாளரம் என்றால் உள்ளே 15 புள்ளிதான். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பகுதிகளுக்குக்கூட இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு ஒன்றாய் ஏறி இறங்குது என்ற அளவு) தற்செயலாய் +0.5 இலிருந்து –0.5 வரை ஊசலாடும். பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் உண்மையில் இன்னும் மோசம். போதாக்குறைக்கு 0.01 ஹேர்ட்ஸ் அலையையும் உள்ளே விட்டிருக்கிறாய். அது ஒருமுறை சுற்றிவர 100 செக்கன். உன்ர சாளரம் அதின்ர ஒரு துண்டைத்தான் பார்க்குது. சாளரத்தை 60 செக்கன் ஆக்கு, 1/60 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முதலே வடிகட்டு.

நாடியையும் பார். நிமிஷத்துக்கு 63 துடிப்பு என்றால் 1.05 ஹேர்ட்ஸ். 2 செக்கனுக்கு ஒருக்கால் எடுக்கிற படத்தில் அது 0.05 ஹேர்ட்ஸாய் வேஷம் போட்டு, நீ தேடுகிற அலைவரிசைக்கு நடுவிலேயே வந்து குந்தும். பிறகு எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்கேலாது. விரலில் நாடிமானி பூட்டிப் பதிந்திருந்தால் கழிக்கலாம்.

ஆட்களை எத்தனை மணிக்குக் கூப்பிட்டாய்? மத்தியானச் சோற்றுக்குப் பிறகென்றால் சொல்லவே வேண்டாம். அசையாமல் படு என்று சொன்னால் மூன்றில் ஒரு பங்குபேர் மூன்று நிமிஷத்துக்குள்ளேயே நித்திரைக்குச் சரியத் தொடங்கிவிடுவினம் என்று 2014இல் தலியாசுக்கி, லௌஃப்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினவை. உன்ர ஐந்தாம் நிலை ஸ்கேனின் கடைசியில்தானே கூடுதலாய் வருது? எனக்கென்னவோ அது நித்திரைதான். கண்ணைத் திறந்து திரையில் ஒரு சிலுவைக்குறியைப் பார்க்கச் சொல்லு, இமைக்குக் கமரா வை. தலையசைவும் அப்படித்தான்: அரை மில்லிமீற்றர்கூடக் கிட்டவுள்ள பகுதிகளின் இணைபைப் பொய்யாக ஏற்றி, தூரத்திலுள்ளதை இறக்கிவிடும்.

முன்னுரையில், மூளை மின்னலைப் பதிவில் (EEG) லேமன் என்ற ஆய்வாளர் கண்ட நுண்ணிலைகளையும் இதோடு சேர்த்து எழுதியிருக்கிறாய். வெட்டு. மின்னலையில் அவை 60 முதல் 120 மில்லிசெக்கன்தான் நிற்கும். இரத்தவோட்டச் சைகை உச்சிக்கு வரவே ஐந்து செக்கனாவது வேணும். அதுக்குள்ளே ஐம்பது நுண்ணிலை போய்விடும்.

கடைசியாய் ஒரு வேலை. ஒவ்வொருவரின் தரவையும் ஃபூரியே மாற்றம் செய்து, அதாவது தனித்தனி அலைகளாய்ப் பிரித்து, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு எழுமாற்றுக் கட்டத்தை (அலை தொடங்கும் இடத்தை நகர்த்துகிற அளவு) எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரிக் கூட்டித் திருப்பி மாற்று. அலைகளின் வலுவும் சராசரி இணைபும் அப்படியே இருக்கும், நிலைமாற்றம் மட்டும் இருக்காது. அந்தப் பொய்த் தரவிலும் ஒத்ததுகளைச் சேர்த்து நிலைகளாய்ப் பிரிக்கிற உன்ர அதே கொத்தாக்கத்தை ஓட்டு. எட்டு கேட்டால் அது எட்டுத்தான் தரும், தம்பி. அந்த எட்டும் உன்ர எட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தைத்தான் நான் பார்க்கவேணும். கோல் எடுக்காதை, படத்தை அனுப்பு.

அன்புடன்,
அம்மா