காவல் பக்கம் எதைக் காக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் லினக்ஸ் கட்டுரையில் 'காவல் பக்கம் வந்தபின் கெர்னலில் ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோவுக்கு இடமில்லை' என்று ஒரு வரி. படித்ததும் காப்பி கசந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. ஸ்டாக் என்பது ஓடும் ஃபங்ஷன்கள் தங்கள் தற்காலிகத் தரவை அடுக்கிவைக்கும் நினைவகம். பஃபர் என்பது அதற்குள் தரவுக்கு ஒதுக்கிய இடம். அது வழிந்தால் ஓவர்ஃப்ளோ.

காவல் பக்கம், அதாவது ஸ்டாக்கின் எல்லையில் யாரும் தொடக் கூடாதென்று விட்டுவைத்த நினைவகப் பக்கம், 2016 டிசம்பரில், லினக்ஸ் 4.9 பதிப்பில் வந்தது. 64 பிட் இன்டெல் கெர்னலில் ஸ்டாக் மொத்தமே 16 கிலோபைட். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும்; அந்த அளவைத் தாண்டி இறங்கினால் காவல் பக்கம் மடக்கும், சரி. ஆனால் நடுவில் இருக்கும் ஒரு பஃபர் வழிந்து, சற்று மேலே உள்ள ரிட்டர்ன் அட்ரஸை (ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரியை) அழிக்க எல்லை வரை போக வேண்டுமா என்ன? தங்களுக்குத் தெரியாததல்ல. தெருமுனையில் கேட் போட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரேறிக் குதிக்க மாட்டானா?

அதைப் பிடிக்கத்தான் கேனரி இருக்கிறது. ரிட்டர்ன் அட்ரஸுக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்து, திரும்பும்போது அது மாறியிருந்தால் கெர்னலே தன்னை நிறுத்திக்கொள்ளும். 2017 செப்டம்பரில் புளூபோர்ன் என்ற புளூடூத் ஓட்டைகளைப் பார்த்து ஊரே அலறியதே, அதில் லினக்ஸ் கெர்னலின் புளூடூத் பகுதியில் இருந்தது சாட்சாத் இந்த ஓவர்ஃப்ளோதான். காவல் பக்கம் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது!

நான் டிரைவர், அதாவது சாதனங்களைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரல், எழுதிப் பிழைத்தவன். (லாரி ஆபீசா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்.) ஒருமுறை, சாதனம் அனுப்பிய நீளத்தை நம்பி 64 பைட் பஃபரில் காப்பி செய்துவிட்டேன். பிழை என்னுடையதுதான். ஆனால் வேகம் குறையும் என்று கேனரியை அணைத்து வைத்தவர் எங்கள் மேலாளர். போர்டு நினைத்த நேரத்தில் செத்தது, எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டிய டிரேஸ் எங்கேயோ காட்டியது. பதினோரு நாள் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை. கடைசியில் அவருக்குத் தெரியாமல் கேனரியைப் போட்டு பில்ட் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பேனிக் (கெர்னல் தன்னை நிறுத்திக்கொண்டது), கூடவே என் ஃபங்ஷனின் பெயர். மீட்டிங்கில் 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்றார் மேலாளர். அந்த 'நாங்கள்' இன்றும் உறுத்துகிறது.

தங்கள் இதழும் லேசுப்பட்டதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் கெர்னல் கட்டுரைக்கு மீசை வைத்த ராணுவ கர்னல் படம் போட்டீர்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அதற்கும் முன்னால் 'கேனரி' என்பதைத் தீவு என்று விளக்கினீர்கள். சுரங்கத்தில் விஷவாயுவுக்கு முதலில் சாகும் குருவி அது என்று எழுதினேன். அதற்கும் இல்லை. தங்களுக்கு வேலை அதிகம், புரிகிறது.

ஸ்டாக் தீர்ந்துபோவது வேறு, ஸ்டாக்கில் உள்ள பஃபர் வழிவது வேறு என்று அடுத்த இதழில் ஓரமாக இரண்டு வரி போட்டால் போதும். கர்னலுக்கு வருத்தம் தெரிவிக்க இன்னும் ஒரு வரி மிஞ்சினால், அதையும்.

இப்படிக்கு,
இருபது வருஷச் சந்தாதாரர்