ஊடலில் உப்பு கூடிவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காதலும் மாயக்கதையும் கலந்த ரொமான்டசி நாவல்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ரெபெக்கா யாரோஸின் இரண்டாம் பாகமான 'அயர்ன் ஃபிளேம்', முதல் பாகமான 'ஃபோர்த் விங்'கை விஞ்சிவிட்டது என்கிறது. டிராகன்களும் சண்டைகளும் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இவ்வகை நாவலைத் தாங்கி நிற்பது காதல். அது இதில் பழுதுபட்டுக் கிடக்கிறது.

2023 மே மாதம் வந்த 'ஃபோர்த் விங்' ஏன் பிடித்தது? டிராகன் வீரர்களுக்கான போர்க் கல்லூரியில் சேரும் நாயகி வயலெட்டுக்கு மூட்டுகள் எளிதில் நழுவும். அதனால், பயிற்சிச் சண்டைகளில் மோதப்போவது யாருடன் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, எதிராளிக்கு விஷம் கொடுத்து ஜெயிக்கிறாள். காதலன் ஸேடனின் தந்தையைப் பிடித்து மரண தண்டனைக்கு அனுப்பியவர் அவளுடைய தாய். இருவரையும் பிரித்து வைக்க இது ஒன்றே போதும். வேறு தடையைத் தேடி ஆசிரியர் அலையவே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முதல் கதை 39 அத்தியாயங்களில் முடிந்தது. இது 60-ஐத் தாண்டுகிறது. கூடுதல் பக்கங்களில் பெரும்பங்கை ஒரே சண்டை தின்றிருக்கிறது. "எல்லாவற்றையும் சொல்" என்கிறாள் வயலெட். "நீ கேள், பதில் சொல்கிறேன்" என்கிறான் ஸேடன். சமாதானம், நெருக்கம், இன்னொரு ரகசியம், மறுபடி அதே பேச்சு. ஊடல் உப்பைப் போல என்று பழகியவர்கள் நாம். உப்பு கூடினால் கறி என்னவாகும்?

இத்தனைக்கும் ஸேடன் ரகசியம் காப்பதற்கு நல்ல காரணம் கதையிலேயே இருக்கிறது. வயலெட்டின் பால்ய நண்பன் டெய்ன் தொட்டால் ஒருவருடைய நினைவுகளைப் படித்துவிடுவான். அப்படி அவன் எடுத்த செய்தியால் முதல் பாகத்தில் உயிர்கள் போயின. 'உனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னிடமிருந்து பறிக்கப்படலாம், அதனால்தான் சொல்லவில்லை' என்பது கேட்பவளும் வாசகரும் ஏற்கக்கூடிய நியாயம்; இருவரையும் ஒருசேர வதைக்கக்கூடிய நியாயமும்கூட. கல்லூரி அதிகாரி வேரிஷ் அவளைச் சித்திரவதை செய்யும் பகுதி இதைத் தொடுவதால்தான் நடுங்க வைக்கிறது. நூலின் ஆகச் சிறந்த பக்கங்கள் அவை.

பிறகு டெய்ன் மனம் மாறி அவள் பக்கம் வந்துவிடுகிறான். எல்லோரும் ஸேடனின் ஊரான அரேஷியா போய்ச் சேர்கிறார்கள். சண்டைக்கான காரணம் போய்விட்டது, சண்டை மட்டும் போகவில்லை. அந்தக் காலியிடத்தை அடைக்க, ஸேடனுக்கு முன்பு நிச்சயிக்கப்பட்டிருந்த கேட் வருகிறாள். பிறர் உணர்ச்சியைத் தூண்டிப் பெருக்கும் சக்தி அவளுக்கு உண்டு. அதாவது, வயலெட்டின் பொறாமையில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு கேட் ஊதிவிட்டது என்று பிரிக்கவே முடியாது. தன் பொறாமைக்குத் தானே பொறுப்பேற்கும் வாய்ப்பை நாயகியிடமிருந்து கதையே பிடுங்கிக்கொள்கிறது. காதல் கதையில் இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

மாயத்தின் கணக்கிலும் இதே தளர்ச்சி. முதல் பாகத்தில் நேரத்தை நிறுத்திய குட்டி டிராகன் ஆண்டர்னா, இதில் அந்தச் சக்தியை இழந்து நீண்ட பகுதிக்கு உறக்கத்தில் இருக்கிறது. அந்தச் சக்தி கையில் இருந்தால் பல நெருக்கடிகள் நொடியில் தீர்ந்துவிடும் என்பதால் அதைப் பறித்து, ஓரமாகப் படுக்க வைத்தது போலவே தோன்றுகிறது. எதிரிகளைத் தடுக்கும் மாயக் காப்பரணுக்கு ஏழு வகை டிராகன்களும் வேண்டும் என்ற விதி, தேவைப்படும் கடைசிக் கட்டத்தில்தான் தெளிவாகிறது. விதியை முன்பே சொல்லி அதற்குள் பாத்திரங்களைத் திணறவிட்டால் வாசகரும் சேர்ந்து யோசிப்பார். முதல் பாகத்தின் விஷங்கள் அப்படித்தான் வேலை செய்தன.

பெயர்களுக்குக் காட்டிய அக்கறை கதைக்கட்டிலும் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் வருகிறது. டேர்ன் என்ற டிராகனின் முழுப்பெயர் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் இடியைக் குறிக்கும் சொல். அதன் முதுகில் ஏறும் வயலெட்டுக்கு வாய்த்த சக்தியோ மின்னல்!

முதல் பாகம் முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய நாட்குறிப்புகளை வயலெட் மொழிபெயர்க்கும் இடங்களை நிதானமாகப் படியுங்கள். எழுத்தராக வளர்க்கப்பட்ட பெண் அங்கேதான் மறுபடி தெரிகிறாள். கேட் வரும் அத்தியாயங்களை வேகமாகக் கடந்தாலும் நூல் அறுந்துபோகாது. (முடிவு தெரிய வேண்டாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) காப்பரண் கல்லுக்குத் தன் உயிரையே கொடுத்துப் போகிறார் வயலெட்டின் தாய். மகளோடு அவர் மனம்விட்டுப் பேசும் காட்சிகளோ மிகச் சொற்பம். ஸேடனோடு நடக்கும் சண்டைகளில் இரண்டைக் குறைத்து, அந்தப் பக்கங்களை இந்தத் தாய்க்குக் கொடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, திருநெல்வேலி