ஜியாலஜி மியூசியத்தின் கடைசி பீரோவுக்கு உங்கள் பங்கு வேண்டும்

நம் துறையில் படித்த எல்லோருக்கும் அந்தக் கடைசி பீரோ ஞாபகம் இருக்கும். யானைக்கு உறவான ஸ்டெகோடான் என்ற பழங்கால விலங்கின் கடைவாய்ப்பல், குதிரைப் பல், ஏதோ ஒரு மானின் தாடை என்று இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப் பாலூட்டிகளின் புதைபடிவங்கள், பெரும்பாலும் 1947க்கு முன்பு வந்து சேர்ந்தவை. லேபிள்களில் சின்ஜி, ஹஸ்னோட் என்றெல்லாம் எழுதியிருக்கும். இரண்டு ஊரும் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன, நம் மாணவர்கள் சுத்தியலோடு போய் இன்னொன்று எடுத்து வருவது நடக்கிற காரியமில்லை.

பீரோவில் இப்போது கரையான். எலும்பு கல்லாகிவிட்டது, அதைக் கரையான் ஒன்றும் செய்யாது. போவது லேபிள்தான். எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பது தெரியாத பல்லை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியாது.

"இதையெல்லாம்தான் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்துவிட்டார்களே" என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். கென்யாவில் மெஸ்வா பாலம் என்ற இடத்தில் தோண்டியெடுத்த ஒரு தாடை, நைரோபி அருங்காட்சியக டிராயரில் பல பத்தாண்டுகள் கழுதைப்புலி எலும்புகளோடு கிடந்தது. வேறு வேலையாகப் போன ஒருவர் டிராயரைத் திறந்து பார்க்கப்போய், அது 2 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, துருவக் கரடியைவிடப் பெரிய ஊனுண்ணி என்று தெரிந்தது. 2019இல் சிம்பாகுப்வா என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின் டேராடூன் வீட்டிலேயே இருந்தன. பின்னாளில் அவற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறி உடைய, உள்ளே திமிங்கிலத்துக்கே உரிய காது எலும்பு! மான் குட்டி மாதிரி இருந்த அந்த இண்டோஹையஸ் திமிங்கிலங்களுக்கு நெருங்கிய உறவு என்று 2007இல் கட்டுரை வந்தது.

அப்புறம் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். சிவாலிக் பற்களின் எனாமலில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்து, அந்த விலங்குகள் இலை தின்றனவா புல் தின்றனவா என்று சொல்லிவிடுகிறார்கள். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி அங்கே புல்வெளி பரவியதற்கு அதுவும் ஒரு சாட்சி. அந்தப் பற்களைப் பொறுக்கிய காலத்தில் இப்படி ஒரு முறை இருந்ததே இல்லை.

சரி, பணம் எதற்கு? இரும்பு பீரோ, டிராயருக்குள் விரிக்க ஃபோம், அமிலமில்லாத அட்டை, உதிரும் எலும்பில் தடவ பாராலாய்டு பிசின், ஒவ்வொரு லேபிளையும் படமெடுத்துப் பட்டியலிட ஒரு பகுதிநேர ஆள். ஒரு டிராயருக்கு 2,500 ரூபாய் ஆகிறது. முழு டிராயர் எடுத்துக்கொண்டாலும் சரி, 200 ரூபாய் கொடுத்தாலும் சரி, ரசீது உண்டு, வரவு செலவு துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பெயர்ப்பலகை, பொன்னாடை எதுவும் கிடையாது, அதற்குச் செலவழிக்கிற காசில் இன்னொரு டிராயர் முடிந்துவிடும்.

பணம் தர முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து லேபிள் படமெடுக்க உதவுங்கள். பழைய மியூசியம் ரெஜிஸ்டரில் சில பக்கங்களைக் காணவில்லை. படிக்கும்போது பிராஜெக்ட்டுக்காக அதைப் பார்த்து எழுதிய நோட்டு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து முதலில் அதைக் கொண்டுவாருங்கள்.