டிசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

மதுரை மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கும்,

வணக்கம். நான் செல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பையனின் தாய்மாமனாக இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது அவன் பையில் கூல் லிப் என்ற புகையிலை பாக்கெட் பிடிபட்டது. விசாரித்ததில் கஞ்சா பழக்கமும் தெரியவந்தது. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, "நீங்களே டிசி கேட்டதா எழுதிக் குடுத்துருங்கம்மா, பையன் பேரு கெடாது" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். மற்ற பிள்ளைகளை நினைத்து அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும்.

சிகிச்சைக்குக் கூட்டிப்போனோம். முதல் வாரம் பார்க்க முடியவில்லை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கட்டில் கம்பியில் இருந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பான். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் இப்படித்தான், தணிந்துவிடும் என்றார் டாக்டர். தணிந்தது. ஆனால் வைத்தியத்தில் இது சின்னப் பகுதிதான் என்றும் சொன்னார். ஆலோசகரோடு வாராவாரம் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டிலிருப்பவர்களும் சில நாள் கூட உட்கார வேண்டும். எந்த நேரத்தில், யாரைப் பார்த்தால், எந்த முக்குக்குப் போனால் ஆசை கிளம்புகிறது என்று பையனே கண்டுபிடித்து, அந்த நேரத்தைத் தாண்டிப் பழக வேண்டும். இது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. "அதுவரைக்கும் காலையில எந்திரிச்சுப் போக அவனுக்கு ஒரு இடம் இருக்கணும்" என்றார்.

அந்த இடம்தான் இல்லை. மூன்று பள்ளிகள் ஏறி இறங்கினேன். நடுவருஷத்தில் டிசியா, ஏன் என்றார்கள். உண்மையைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு மாதம் வீட்டில் கிடந்தான். பகலில் தெருவில் அவனோடு பேசக் கிடைத்தவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டும்தான். மறுபடியும் தொட்டான். அன்றைக்கு அவனை அடித்துவிட்டேன். அது தப்பு. சுகர் மறுபடி ஏறினால் ஆளை அடிக்கிறோமா, சாப்பாட்டையும் மாத்திரையையும் பார்க்கிறோம், இதுவும் அப்படித்தான் என்று ஆலோசகர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கல்வி உரிமைச் சட்டம், 2009-ன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015 பிள்ளைகளுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. எங்கள் விஷயத்தில் விற்றவரை யாரும் தேடக்கூட இல்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை சேர்த்துக்கொண்டார். வியாழக்கிழமை ஆலோசகரிடம் போகப் பாதி நாள் விடுகிறார், அதற்கு ஆப்சென்ட் போடுவதில்லை. விஷயம் அவருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரியும். காலை வழிபாட்டுக்கு மைக் வயர் மாட்டும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறார். லேட்டானால் வேறு யாராவது மாட்டிவிடுவார்கள் என்று இப்போது எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறான்.

விற்கிற பையனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது. நான் கேட்பது பழக்கத்தில் மாட்டிக்கொண்ட பையனுக்காக. பிடிபட்டால் பெற்றோரைக் கூப்பிடுங்கள், அப்புறம் நம் அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். வழி தெரியாத பெற்றோருக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள். சிகிச்சை முடியும்வரை அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கட்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தேதி சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு நானும் அக்காவும் வருகிறோம். அவனைக் கூட்டிவர மாட்டோம். அன்றைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
செல்லூர், மதுரை.